சிறையில் மனச்சோர்வும் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரம் ஒரு நாள் ஒரு சிறைக்கு மனநல ஆலோசகராகப் போய் வருகிறேன். உள்ளே விடுவதற்கு எப்படியும் அரை மணி நேரம் ஆகிவிடும். உள்ளே இருப்பவரைப் பார்க்க மனு போட்டுவிட்டு டோக்கனோடு காத்திருக்கும் அம்மாக்கள், மனைவிமார், தம்பிகள் எல்லோரும் அந்த அரை மணியில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். உள்ளே இருப்பவர்களும் அதையேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு. ஒவ்வொருவருக்கும் பாதி பதில் சொல்லி வருவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஜெயிலுக்குப் போனா யாருக்குத்தான் கவலை வராது? இதுக்குப் போய் டிப்ரஷன்னு பேர் வைக்கணுமா?

கவலை எல்லோருக்கும் வரும். முதல் சில நாள் தூக்கமில்லாமல் கிடப்பது, சோறு இறங்காமல் போவது, வாய்தா நெருங்கினால் வயிற்றைக் கலக்குவது, இதெல்லாம் நோய் இல்லை. மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்வது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே கிடக்கும், அல்லது எதிலுமே பிடிப்பு இருக்காது. கூடவே தூக்கம், பசி, கவனம், உடம்புத் தெம்பு எல்லாம் கெடும். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வரும். ஆண்களிடம் இது அழுகையாக வராமல் எரிச்சலாகவும் சண்டையாகவும் வருவதுண்டு. அதனால்தான் வார்டர் "திமிர் பிடிச்சவன்" என்று கைகாட்டும் ஆளிடம் நான் கொஞ்சம் கூடுதல் நேரம் உட்கார்வேன்.

24 நாடுகளில் சுமார் 33,500 சிறைவாசிகளிடம் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் ஒரு கணக்கு வெளியானது. ஆண்களில் பத்தில் ஒருவருக்கும் பெண்களில் ஏழில் ஒருவருக்கும் தீவிர மனச்சோர்வு இருந்தது. மீதிப் பேருக்கும் கவலை இருந்திருக்கும். ஆனால் இந்த நோய் இல்லை.

அப்போ இந்த மைண்ட்ஃபுல்னெஸ்ங்கறது என்ன? கண்ணை மூடி உட்கார்றதா?

கண்ணை மூடுவது கட்டாயமில்லை. இப்போது, இந்த நொடியில் உடம்பிலும் மனசிலும் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதாமல் கவனிக்கப் பழகுவது. தமிழில் கவனப் பயிற்சி என்று சொல்லிப் பார்த்தேன், உள்ளே இருப்பவர்கள் அதை என்.சி.சி. பரேடு மாதிரி புரிந்துகொண்டார்கள். அதனால் மைண்ட்ஃபுல்னெஸ் என்றே விட்டுவிட்டேன்.

1979-இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியோடு வந்தவர்களுக்கு இதை எட்டு வாரப் பாடமாக ஆக்கினார். பிறகு சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் அதை மனச்சோர்வுக்கென்றே மாற்றி அமைத்தார்கள். மைண்ட்ஃபுல்னெஸ்-பேஸ்டு காக்னிட்டிவ் தெரபி என்று அதற்குப் பெயர், சுருக்கமாக எம்.பி.சி.டி. என்கிறார்கள். வாரம் ஒரு வகுப்பு, சுமார் இரண்டு மணி நேரம். இடையில் தினமும் தானே செய்ய வேண்டிய பயிற்சி.

மூச்சைக் கவனிச்சா மனசு எப்படி சரியாகும்? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையே?

சோகம் மட்டும் ஒருவரைக் கீழே தள்ளிவிடுவதில்லை. அரைத்த மாவையே அரைப்பதுதான் தள்ளுகிறது. "அன்னைக்கு மட்டும் அந்த வண்டியில ஏறாம இருந்திருந்தா..." என்று சாயங்காலம் அறைக்குள் அடைத்துப் பூட்டியதும் தொடங்கி, விடியற்காலை கதவு திறக்கும் வரை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். வெளியே இருக்கும் நமக்கு நடுவில் ஒரு போன் வரும், கடைக்குப் போவோம், சங்கிலி அறுந்துவிடும். உள்ளே அறுக்க எதுவும் இல்லை.

பயிற்சி அந்தச் சங்கிலியில்தான் கை வைக்கிறது. "ஓ, மறுபடி அந்த வண்டிக் கதை ஓடுது" என்று தானே கண்டுபிடிக்கிற அந்த ஒரு கணம் போதும். கண்டுபிடித்ததும் கவனத்தைக் கொண்டுவந்து வைக்க ஒரு இடம் வேண்டும். அதற்குத்தான் மூச்சு, பாதம், சத்தம் எல்லாம். நினைப்பை விரட்டச் சொல்வதில்லை. விரட்டினால் இன்னும் வேகமாக வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

உள்ளே நிஜமா என்னதான் செய்ய வைப்பீங்க?

முதல் வகுப்பில் வெளிநாட்டுப் பாடப்படி ஆளுக்கு ஒரு உலர்திராட்சை கொடுக்க வேண்டும். நான் வேர்க்கடலை கொடுக்கிறேன், ஒன்றே ஒன்று. உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும், விரலால் உருட்ட வேண்டும், தோலை உரிக்கும்போது வரும் சின்னச் சத்தத்தைக் கேட்க வேண்டும், கடைசியில்தான் வாயில் போட வேண்டும். ஒரு முறை நான் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் மென்று முழுங்கிவிட்டு, "அடுத்தது எங்கம்மா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வகுப்பில் நான் சொல்ல வந்த விஷயத்தை அவர்தான் எல்லோருக்கும் புரியவைத்தார்: கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், மனசு அடுத்த கடலைக்குப் போய்விட்டது.

அப்புறம் படுத்துக்கொண்டு கால் விரலில் தொடங்கி தலை வரை உடம்பை ஒவ்வொரு பகுதியாகக் கவனிப்பது, மெதுவாக நடப்பது, மூன்று நிமிடப் பயிற்சி ஆகியவை வரும். இந்த மூன்று நிமிடப் பயிற்சிதான் சிறைக்கு ரொம்பப் பொருத்தம். இப்போது மனசில் என்ன ஓடுகிறது என்று ஒரு பார்வை, பிறகு கொஞ்ச நேரம் மூச்சு மட்டும், பிறகு மொத்த உடம்பும். கணக்கெடுப்புக்கு வரிசையில் நிற்கும்போதே செய்யலாம், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடுகிறது என்பவர்களும், வீசிங் உள்ளவர்களும் மூச்சை விட்டுவிட்டு, பாதம் தரையில் படுவதைக் கவனித்தால் போதும்.

திகார் ஜெயில்ல விபஸ்ஸனா நடத்தினாங்களே, அதுதானா இது?

சொந்தக்காரர்கள்தான், ஒரே ஆள் இல்லை. விபஸ்ஸனா பர்மாவிலிருந்து வந்த பௌத்தத் தியான முறை. மாண்டலேயில் பிறந்த தொழிலதிபர் எஸ். என். கோயங்கா தன் ஆசிரியர் ஊ பா கினிடம் கற்று, 1969-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். பத்து நாள் முகாம். விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். பேச்சு கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், அப்புறம் உடம்பின் உணர்வுகள்.

சிறைக்குள் இது முதலில் போனது 1975-இல், ஜெய்ப்பூர் மத்திய சிறையில். ராஜஸ்தானின் அப்போதைய உள்துறைச் செயலர் ராம் சிங் தானே முகாமில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஏற்பாடு செய்தார். கைதிகளை விலங்கோடு கூட்டி வந்திருக்கிறார்கள். விலங்கோடு இருப்பவர்களுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்று கோயங்கா நின்றுவிட்டார். அதிகாரிகளுக்குப் பயம். ஆனாலும் கழற்றினார்கள், முகாம் நடந்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது தியானம் இல்லை, அந்த விலங்குதான். பயிற்சி தொடங்குவதற்கு முன்பே சிறை ஒரு படி மாற வேண்டியிருந்தது.

திகாரில் 1993-இல் ஐ.பி.எஸ். அதிகாரி கிரண் பேடி சிறைத்துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற பிறகு அதே ஆண்டு நவம்பரில் முதல் முகாம் நடந்தது. 1994 ஏப்ரலில் ஆயிரம் பேருக்கு மேல் ஒரே முகாமில் உட்கார்ந்தார்கள். அங்கேயே நிரந்தர மையமும் வந்தது. மனநல மருத்துவர்கள் கைதிகளை முகாமுக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்து, மனச்சோர்வும் பதற்றமும் குறைந்ததாக எழுதினார்கள். எம்.பி.சி.டி. இப்படிப் பத்து நாளில் முழுக்கக் குளிப்பது இல்லை. எட்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நனைவது. மனச்சோர்வில் இருப்பவருக்கு எனக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பாகப் படுகிறது. காரணம் கீழே, யாருக்கு ஒத்துவராது என்ற கேள்வியில்.

நாங்க முஸ்லிம், மேடம். இது மதம் மாத்துற வேலை இல்லையே?

இதே கேள்வியை சர்ச்சுக்குப் போகும் அம்மா ஒருவரும் கேட்டார், கோயிலுக்குப் போகிறவர் ஒருவரும் "இது புத்த மதம்தானே?" என்று கேட்டார். நேர்மையான பதில்: விபஸ்ஸனாவின் வேர் பௌத்தம், அதை மறைக்க வேண்டியதில்லை. எந்த மதத்தவரும் வரலாம் என்று கோயங்கா எப்போதும் சொன்னார். ஆனாலும் பாடத்தின் சொற்கள் பௌத்தச் சொற்கள். அமெரிக்காவின் அலபாமாவில் டொனால்ட்சன் சிறையில் 2002-இல் தொடங்கிய முகாம்கள், மத ஆட்சேபம் எழுந்து நின்றுபோய், 2006-இல்தான் மறுபடி நடந்தன.

எம்.பி.சி.டி. வகுப்பில் மந்திரம், சிலை, வணக்கம் எதுவும் கிடையாது. தொழுகை நேரத்தில் வகுப்பு வைக்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. நோன்பு மாதத்தில் கடலைப் பயிற்சியையும் தள்ளிப் போடுவோம்.

இது செஞ்சா மாத்திரையை நிறுத்திடலாமா?

நிறுத்தக் கூடாது. அதாவது தானாக நிறுத்தக் கூடாது. எம்.பி.சி.டி. முதலில் உருவானதே, மனச்சோர்விலிருந்து ஒரு முறை மீண்டவர் மறுபடி விழாமல் இருக்கத்தான். 2000-இல் வந்த முதல் பெரிய சோதனையில், மூன்று தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்துபோனவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேர் ஓராண்டு சொச்சத்தில் மறுபடி விழுந்தார்கள். பயிற்சியும் பெற்றவர்களில் 37 சதவீதம்.

இங்கிலாந்தில் 424 பேரை வைத்து நடந்த இன்னொரு சோதனையின் முடிவு 2015-இல் வந்தது. பாதிப் பேர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள், மீதிப் பேர் பயிற்சியோடு மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையைக் குறைத்தார்கள். இரண்டு ஆண்டில் மறுபடி நோய் வந்தது மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு, பயிற்சி பெற்றவர்களில் 44 சதவீதம் பேருக்கு. கிட்டத்தட்ட ஒன்றுதான். இதில் கவனிக்க வேண்டியது மேற்பார்வை என்ற சொல். சிறையில் மாத்திரையைத் திடீரென்று விட்டுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு ஏதாவது ஆனால், மருத்துவரைக் கூப்பிடுவது வீட்டில் கூப்பிடுவது மாதிரி இல்லை.

என் தம்பி விசாரணைக் கைதிதான். அவனைச் சேர்ப்பாங்களா?

சேர்ப்பதில் தடையில்லை. நடைமுறையில்தான் சிக்கல். எட்டு வாரப் பாடத்தில் மூன்றாவது வாரம் வாய்தா, ஐந்தாவது வாரம் ஜாமீன் கிடைத்துப் போய்விடுவார் (போகட்டும், அதுதானே வேண்டும்), ஏழாவது வாரம் வேறு சிறைக்கு மாற்றம். அதனால் விசாரணைக் கைதிகளுக்கு நான் ஒவ்வொரு வகுப்பையும் தனியாக நிற்கும்படி நடத்துகிறேன். ஒன்றுக்கு வந்தாலும் அந்த மூன்று நிமிடப் பயிற்சி கையில் இருக்கும். அவர் சிறை மருத்துவரிடமோ நல அலுவலரிடமோ தானே கேட்கலாம். நீங்களும் மனு போடும்போது எழுதிக் கொடுக்கலாம்.

இதுல கலந்துக்கிட்டா தண்டனை குறையுமா? லீவு கிடைக்குமா?

இதற்கென்று தண்டனைக் குறைப்பு கொடுத்து நான் பார்த்ததில்லை. சாதாரண விடுப்பும் அவசர விடுப்பும் அவற்றுக்கான விதிப்படிதான். சலுகை கிடைக்கும் என்று நினைத்து வருபவர்கள் இரண்டாவது வாரம் நின்றுவிடுவார்கள், அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

"மனநோயாளி"ன்னு எழுதிட்டா கேஸ் கெட்டுப் போயிடாதா?

மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்ததாலேயே குற்றம் நிரூபணம் ஆகாது, விடுதலையும் ஆகாது. புத்தி சுவாதீனமற்ற நிலையில் செய்தது என்ற வாதம் தனி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐ.பி.சி.) 84, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு. அதன் வாசல் மிகக் குறுகல், மனச்சோர்வு மட்டும் அதில் நுழையாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சிகிச்சை விவரங்களுக்கு ரகசியப் பாதுகாப்பு தருகிறது. மற்றபடி உங்கள் வக்கீலிடம் சிகிச்சை பற்றி மறைக்காதீர்கள். மறைத்ததால் சிக்கலான வழக்குகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இது யாருக்கு ஒத்துவராது?

குரல் கேட்கிறவர்கள், யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நம்புகிறவர்கள், போதைப் பழக்கத்தை விட்டு முதல் நாட்களில் உடம்பு நடுங்கிக்கொண்டிருப்பவர்கள், இன்றைக்கே செத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் இருப்பவர்கள். இவர்களுக்கு முதலில் மருத்துவர். அடி, பாலியல் கொடுமை போன்றவற்றை அனுபவித்தவர்களுக்கு உடம்பைக் கவனிக்கச் சொன்னால் உடம்பே பழைய இடமாகிவிடும். நீண்ட மௌனம் அதை இன்னும் கிளறும். பத்து நாள் முகாம் பற்றி மேலே தயங்கியது இதனால்தான். விபஸ்ஸனா மையங்களும் கடுமையான மனநோய் உள்ளவர்களை வர வேண்டாம் என்றுதான் சொல்கின்றன.

உட்கார்ந்தா பழசெல்லாம் வருதுன்னு அழறாரு. நிறுத்தச் சொல்லட்டுமா?

கொஞ்சம் அழுவது வழக்கம்தான். அழுதபின் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் விடுங்கள், பயிற்சி நடத்துபவரிடம் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். தூக்கம் போய்விட்டது, படம் மாதிரி கண்முன் ஓடுகிறது, திடுக்கிட்டு எழுகிறார் என்றால் நிறுத்த வேண்டும். கண்ணைத் திறந்து வைத்து, சுவரில் தெரியும் மூன்று பொருளைப் பெயர் சொல்லி எண்ணச் சொல்லலாம். அதற்கு மேல் முந்தைய பதில்தான்: மருத்துவர்.

அறைக்குள்ள நாற்பது பேரை அடைச்சு வச்சுட்டு தியானம் பண்ணச் சொல்றது அநியாயமா தெரியலையா?

தெரிகிறது. 2022 டிசம்பர் கடைசியில் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு அப்போது தீர்ப்பே வந்திருக்கவில்லை. இடமோ நூறு பேருக்கு என்றால் நூற்று முப்பத்தொரு பேர் இருந்தார்கள். இவர்களில் பலருடைய சோர்வுக்கு முதல் மருந்து ஜாமீன். கோர்ட்டுக்குக் கூட்டிப்போக வழிக்காவல் போலீஸ் இல்லை என்று வாய்தா தள்ளிப்போவதை எந்த மூச்சுப் பயிற்சியும் சரிசெய்யாது. "நீ ஏற்றுக்கொள்ளப் பழகு" என்று கைதியிடம் சொல்லிவிட்டுக் கழிவறையைச் சரிசெய்யாமல் விட்டால் அது ஏமாற்றுதான்.

சட்டத்திலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. மேலே சொன்ன 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆம் பிரிவின்படி, இந்தச் சிறையில் மனநோயுள்ள கைதி யாரும் இல்லை என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள். அதே பிரிவு, மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநலச் சிகிச்சைப் பிரிவு வேண்டும் என்றும் சொல்கிறது. கேட்க வேண்டியது அதைத்தான்.

இருந்தும் நான் ஏன் போகிறேன்? ஜாமீன் வரும் வரை அந்த ஆள் ஒவ்வொரு ராத்திரியையும் கடக்க வேண்டியிருக்கிறதே.

சிறையில வேலை செய்யுதுன்னு உறுதியான ஆதாரம் இருக்கா?

வெளியே இருப்பவர்களுக்கு உள்ள அளவு உறுதியான ஆதாரம் சிறையில் இல்லை. 1990-களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆறு சிறைகளில் சுமார் 1,350 பேர் கபாட்-ஜின் பாடத்தை முடித்தார்கள். பகையுணர்ச்சி குறைந்தது, மனநிலை தேறியது. ஆனால் பயிற்சி இல்லாத இன்னொரு குழுவோடு சரியாக ஒப்பிடவில்லை. சியாட்டிலில் ஒரு சிறையில் விபஸ்ஸனா முடித்தவர்கள் வெளியே வந்து மூன்று மாதத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகப் போதை எடுத்ததாக 2006-இல் ஆய்வு வந்தது. அங்கேயும் விரும்பி வந்தவர்கள்தான் பயிற்சிக்குப் போனார்கள். மாற வேண்டும் என்று ஏற்கனவே நினைத்தவர்களாக இருக்கலாம். பலன் இருக்கிறது என்று நம்ப இடமிருக்கிறது, அதிசயம் என்று சொல்ல இடமில்லை.

செஞ்ச தப்பை மறந்துட்டு நிம்மதியா இருக்கச் சொல்லித் தர்றீங்களா? செத்துப்போனவங்க வீட்டுக்கு யாரு நிம்மதி தர்றது?

இதைக் கேட்டவர் கொலை வழக்கு ஒன்றில் அண்ணனை இழந்தவர். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நான் உள்ளே பார்ப்பதைச் சொல்கிறேன். இரவெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டிருப்பவர் செத்தவரைப் பற்றி நினைப்பதில்லை, தன்னைப் பற்றித்தான் நினைக்கிறார். அந்தப் புலம்பல் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் ஒருவர், ஆறாவது வாரத்தில், "அந்தப் பையனோட அம்மா இப்ப யார் கூட இருக்காங்களோ" என்று முதல் முறையாகக் கேட்டார். அவருக்கு அது நிம்மதியான வாரமாக இல்லை. அண்ணனை இழந்தவருக்கு இது ஆறுதலாகாது என்று எனக்குத் தெரியும்.

தற்கொலைக்கு முயற்சி பண்ணிட்டான். அதுக்கும் தனி கேஸ் போடுவாங்களா?

2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, வேறுவிதமாக நிரூபணம் ஆகாத வரை முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய ஐ.பி.சி. 309-ம் இல்லை. ஒரு விதிவிலக்கு மட்டும்: அரசு ஊழியரைப் பணிய வைக்கவோ தடுக்கவோ முயன்றதாகச் சொன்னால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 226-ஆம் பிரிவு வரும். சிறையில் அப்படி எழுதுவது எளிது, அதனால் வக்கீலிடம் உடனே சொல்லுங்கள். அவரைத் தனிச் செல்லில் போடுவதைவிட யாராவது கூட இருப்பது நல்லது என்று சிறை மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களே உடைந்துபோனால் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி-மானஸ், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

மனு பார்க்கப் போகும்போது நான் என்ன பேசணும்? அழுதுடறேன்.

அழுதால் பரவாயில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் சத்தத்தில் பாதி கேட்காது, அதனால் பெரிய விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள். "தைரியமா இரு" என்று பத்துத் தடவை சொல்வதைவிட, "நேத்து ராத்திரி தூங்கினியா?" என்று ஒரு தடவை கேளுங்கள். வீட்டுச் செய்தியில் சின்னதாக ஒன்று சொல்லுங்கள்: பசு கன்று போட்டது, சின்னவளுக்குப் பல் விழுந்தது. வாய்தா எப்போது என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். பொய்த் தேதி சொன்னால் அந்தத் தேதி வரை எண்ணிக்கொண்டிருந்து, அன்றைக்குத்தான் நிஜமாக உடைவார்கள்.

வெளியே இருக்கற நாங்களும் இதைச் செய்யலாமா?

தாராளமாக. பத்து மணி டோக்கனுக்கு ஏழு மணிக்கே வந்து உட்காரும் ஒரு அம்மாவுக்கு அந்த மூன்று நிமிடப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வாரம் திட்டித் தீர்த்துவிட்டார். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாராம், நம்பர் கூப்பிட்டது காதில் விழவில்லையாம், கடைசி ஆளாகப் பார்த்துவிட்டு வந்தாராம். அதனால் வாசலில் செய்வதாக இருந்தால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே செய்யுங்கள்.